முட்டம் பாறையில ட்ரைபாட் நடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கடல் படம் எடுக்கணும்னு சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு, திருவனந்தபுரம்னு நாலா பக்கமும் இருந்து ராத்திரியோட ராத்திரியா வண்டிய விரட்டிக்கிட்டு எங்க கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வர்ற போட்டோகிராபர் மக்களுக்கும், அவங்கள பதினஞ்சு இருபது பேரா வேன்ல ஏத்திக்கிட்டு வர்ற போட்டோ டூர் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

நான் யாருன்னு மொதல்ல சொல்லிடுறேன். நாகர்கோவில் பக்கத்துல சின்னதா ஒரு ஸ்டுடியோ. கல்யாணம், புதுநன்மை, சடங்கு வீடு, பாஸ்போர்ட் போட்டோ, இதுதான் சோறு போடுது. அப்பா கடல்தொழில் பாத்தவரு, எனக்கு வள்ளத்துல ஏறுனா பத்து நிமிஷத்துல குடல் வெளிய வந்துடும், அதனால கரையோட நின்னுட்டேன், கையில கேமரா வந்துச்சு. முகூர்த்தம் இல்லாத நாள்ல நானும் உங்கள மாதிரியே விடியக்காலம் ட்ரைபாட தூக்கிக்கிட்டு பாறைக்கு போறவன்தான். அதனால வெளியாள் ஒருத்தன் திட்டுறான்னு எடுத்துக்காதீங்க, அதே பாறையில பக்கத்துல நிக்கிறவன் சொல்றான்னு எடுத்துக்கோங்க.

போன வருஷம் ஏப்ரல் கடைசி, எங்க மாவட்டத்து கடலோர ஊரு முட்டம். சாயங்காலம் அஞ்சே முக்கால் இருக்கும். வானம் சுத்தமா இருக்கு, காத்தே இல்ல, கடல் எண்ணெய் ஊத்துன மாதிரி கிடக்கு. நம்ம நண்பர் ஒருத்தர் பாறை நுனியில, வெளிச்சத்த கொறைக்கிற பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் மாட்டி, முப்பது செகண்ட் எக்ஸ்போஷர் வச்சுட்டு செல்போன்ல டைமர பாத்துக்கிட்டு நிக்கிறாரு, முதுகு கடல் பக்கம். மேட்டுல ஒரு பெரியவர் கிழிஞ்ச வலைய பொத்திக்கிட்டு இருந்தாரு. அவரு கத்துறாரு, "லே மக்கா, கருப்புல நிக்காத, மேல ஏறு." மூணு தடவ சொன்னாரு. நண்பர் திரும்பிக்கூட பாக்காம கைய மட்டும் தூக்கி, ஒரு நிமிஷம்னு காட்டுனாரு, ஷட்டர் திறந்து இருக்கே. அடுத்தது நான் பாத்தது, சத்தமே இல்லாம தண்ணி ஏறி அவரு இடுப்புக்கு வந்துச்சு, அவ்வளவுதான், ட்ரைபாடும் பையும் ரெண்டு லென்ஸும் போயே போச்சு. ஆள மட்டும் அந்த பெரியவரும் ரெண்டு பையன்களும் கயிறு போட்டு இழுத்தாங்க, முட்டில இருந்து கணுக்கால் வரைக்கும் சிப்பி சீவி எடுத்துருச்சு. மேல வந்து உக்காந்ததும் அவரு கேட்ட முதல் கேள்வி, "மெமரி கார்டு?"

சிரிப்பாதான் இருக்கு. ஆனா அந்த பெரியவர் ஏன் கருப்புல நிக்காதன்னு சொன்னாருன்னு உங்கள்ல எத்தன பேருக்கு தெரியும்?

பாறையில ஒரு கோடு இருக்கும். அதுக்கு மேல பாறை வெளுத்து, சொரசொரன்னு, உப்பு பூத்து கிடக்கும். அதுக்கு கீழ கருப்பா, வழுவழுன்னு, பாசியும் பொடி சிப்பியும் ஒட்டிக்கிட்டு இருக்கும். கருப்பு இருக்குற வரைக்கும் கடல் வரும்னு அர்த்தம், இன்னிக்கு வரலன்னாலும் நேத்து வந்துருக்கு. நமக்கு என்ன பிரச்சனைன்னா அந்த கருப்புதான் படத்துக்கு அழகு, ஈரத்துல வானத்து செவப்பு பட்டு மின்னும், வைட் ஆங்கிள்ல முன்னாடி வச்சா அள்ளும், அதனால எல்லாரும் கோட்டுக்கு கீழதான் இறங்குறோம். நானும் இறங்கிருக்கேன், இல்லன்னு சொல்லல.

இன்னொன்னு, அலை எல்லாம் ஒரே மாதிரி வராது. பத்து பதினஞ்சு சின்னதா வரும், அப்புறம் மூணு நாலு பெருசா சேந்து வரும், அதுக்கப்புறம் மறுபடி அடங்கிடும். வந்த உடனே சின்ன அலை ஓடுற நேரத்த பாத்துட்டு "கடல் நல்லாதான் இருக்கு"ன்னு இறங்குனா முடிஞ்சது கதை. கடல்காரங்க வள்ளம் இறக்குறதுக்கு முன்னாடி சும்மா நின்னு பாப்பாங்க, பீடி குடிப்பாங்க, வேடிக்க பாக்குற மாதிரியே இருக்கும், உண்மையில எண்ணிக்கிட்டு இருப்பாங்க. நீங்களும் கேமராவ வெளிய எடுக்குறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் சும்மா நில்லுங்க. அந்த இருபது நிமிஷத்துல லைட் போயிடும்னா இன்னும் சீக்கிரமா வாங்க, வேற வழி இல்ல. எங்க ஊரு பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி மேலதான், சூரியன் படக்குன்னு இறங்கிடும், இருட்டுக்கு முன்னாடி நீலம் நிக்கிறதே இருபது இருபத்தஞ்சு நிமிஷம்தான். ஐரோப்பாக்காரன் யூட்யூப் வீடியோவ பாத்துட்டு ஒரு மணி நேரம் நீலம் நிக்கும்னு நம்பி வந்து கடைசி நேரத்துல ஓடுறவங்கதான் அதிகமா வழுக்கி விழுறாங்க.

இப்ப கள்ளக்கடல் விஷயத்துக்கு வர்றேன். இத படிக்கிறவங்க இந்த ஒரு பத்திய மட்டுமாவது உங்க குரூப்ல போடுங்க. இங்க காத்து இருக்காது, மழை இருக்காது, மேகம் கூட இருக்காது. ஆனா தெற்க இந்தியப் பெருங்கடல்ல, அண்டார்டிகா பக்கம், எங்கயோ அடிச்ச புயல்ல கிளம்புன அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி சில நாள் கழிச்சு இங்க வந்து சேரும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல பதினஞ்சு செகண்டுக்கு மேல இருக்கும், நடுக்கடல்ல போட்ல இருக்கவனுக்கு ஒண்ணுமே தெரியாது, கரைய தொடும்போதுதான் எழும்பி உள்ள ஏறும். கள்ளன் மாதிரி வர்றதால கள்ளக்கடல்னு பேரு, கேரளாவுலயும் எங்க கரையிலயும் காலங்காலமா சொல்றது, அந்த வார்த்தையவே 2012ல யுனெஸ்கோ ஏத்துக்கிச்சு. கணக்கு போட்டு பாருங்க, நீங்க முப்பது செகண்ட் ஷட்டர் திறக்குறீங்க, அதுக்குள்ள அப்படி ரெண்டு அலை வந்துட்டு போயிடலாம், பாலு மாதிரி மிருதுவா படத்துல தெரியும், நிக்கிறவன் இருப்பானா தெரியாது.

2024 மே 6, கணபதிபுரம் பக்கத்துல லெமூர் பீச். கல்யாணத்துக்கு வந்த மருத்துவ மாணவங்க அஞ்சு பேர் அலையில சிக்கி செத்துப்போனாங்க. அந்த நாட்கள்ல கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்துச்சு. ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்குற மத்திய அரசோட கடல் தகவல் மையம்தான் இத குடுக்குறது, அவங்க வெப்சைட்ல யாரு வேணா பாக்கலாம், ஒரு நிமிஷம் கூட ஆகாது. சூரியன் எங்க விழும், நிலா எந்த டிகிரில ஏறும், பால்வெளி எப்ப தெரியும்னு ஆப் ஆப்பா பாக்குற நம்மாளுங்க இத மட்டும் பாக்குறதே இல்ல.

அதுவும் பாருங்க, கள்ளக்கடல் ஜாஸ்தி வர்றது மழைக்காலத்துக்கு முன்னாடி, ஏப்ரல் மே மாசத்துல. நீங்க கூட்டமா வர்றது எப்போ? சித்ரா பௌர்ணமிக்கு! ஒரு பக்கம் சூரியன் விழ, மறு பக்கம் நிலா ஏற, ரெண்டையும் ஒரே இடத்துல நின்னு பாக்கலாம்னு குமரி முனைல அன்னிக்கு கால் வைக்க இடம் இருக்காது. நல்ல காட்சிதான், நானே வருஷா வருஷம் போவேன். ஆனா அந்த ஒரு நாள் ராத்திரிக்காக அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு பாறையிலயும் ஏறி ஒத்திகை பாக்குறீங்க பாருங்க, அங்கதான் எனக்கு வயித்த கலக்குது.

சரி, பயமுறுத்துனது போதும். இடம் சொல்லாம மறைக்கிற ஆளு நான் இல்ல, சொல்றேன். எல்லாரும் திருவள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை, 2024 டிசம்பர் கடைசில திறந்த அந்த கண்ணாடி பாலம், இந்த மூணையும் ஒரே பிரேம்ல அடச்சுட்டு போயிடுறீங்க. அப்படியே கொஞ்சம் வடகிழக்க வட்டக்கோட்டைக்கு போங்க. கோட்டை மேல நின்னா ஒரு பக்கம் கடல், திரும்புனா மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவுல காடு மாதிரி காத்தாலைங்க. ஆனா கோட்டைக்குள்ள ட்ரைபாட் வைக்க தொல்லியல் துறை பெர்மிஷன் வேணும், காவலாளிகிட்ட மல்லுக்கட்டாதீங்க. கோட்டைய விடுங்க, கீழ மணல பாருங்க. கருப்பும் செவப்பும் வெள்ளையும் வரி வரியா கிடக்கும். அலை ஏறிட்டு திரும்பும்போது லேசான வெள்ளை மணல இழுத்துட்டு போயிடும், கனமான இல்மனைட்ங்குற கனிமம் கருப்பா தங்கிடும், கார்னெட்ங்குறது செவப்பா தங்கிடும், ஒவ்வொரு அலையும் புதுசா ஒரு கோலம் போடும். முழங்கால் போட்டு உக்காந்து மேக்ரோ லென்ஸ்ல எடுத்தா மேல இருந்து பாத்த மலைத்தொடர் மாதிரியே இருக்கும், நான் ஒரு படத்த இமயமலைன்னு சொல்லி மச்சான ஏமாத்திருக்கேன். இந்த மணலுக்கு பெரிய வரலாறே இருக்கு, மணவாளக்குறிச்சி பக்கம் தோரியம் இருக்குற மோனசைட்ங்குற கனிமம் இருக்குன்னு 1909ல ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடிச்சதே இங்க இருந்து போன கயிறுல ஒட்டியிருந்த மண்ணுலதான். அத அள்ளுறதா வேணாமான்னு இன்னிக்கு வரைக்கும் பஞ்சாயத்து ஓடுது, அது வேற கதை.

அப்புறம் மணக்குடி. பழையாறு வந்து கடல்ல சேர்ற இடம், காலைல தண்ணி கண்ணாடியா நிக்கும், தென்னை தலைகீழா தெரியும். நீங்க நின்னு படம் எடுக்குற அந்த பாலத்துக்கு முன்னாடி வேற ஒரு பாலம் இருந்துச்சு, 2004 சுனாமி அத தூக்கிட்டு போயிடுச்சு. மேற்க தேங்காப்பட்டணம், குழித்துறை ஆறு கடல்ல விழுற இடம், மழைக்காலத்துல வானம் பிச்சுக்கிட்டு தெரியும். போட் படம் வேணும்னா தேதி பாத்து வாங்க. மீன்பிடி தடைகாலம் எங்க மாவட்டத்துல மட்டும் ரெண்டு, சின்னமுட்டம் பக்கம் கிழக்கு கரை கணக்கு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகெல்லாம் கட்டிக்கிடக்கும். குளச்சல், முட்டம் பக்கம் மேற்கு கரை கணக்கு, ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும். கலர் கலரா வரிசையா நிக்கிற போட் வேணும்னா தடைகாலத்துல வாங்க, ஓடுற போட் வேணும்னா மாத்தி வாங்க. இது தெரியாம மே மாசம் சின்னமுட்டத்துல வந்து நின்னுக்கிட்டு "போட் எப்ப சார் வரும்"னு கேக்குறவங்கள பாத்துருக்கேன்.

இப்ப கொஞ்சம் கசப்பா பேசணும்.

கரைல நின்னு இழுக்குற பெரிய வலை, கரமடி, அத இழுக்குறத பாத்துருப்பீங்க, ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு கயிறு பிடிச்சு பாட்டா சொல்லிக்கிட்டே பின்னாடி நடப்பாங்க. ரொம்ப நேரம் ஆகுற வேலை, மடி கரைக்கு வர்ற கடைசி கொஞ்ச நேரம்தான் முக்கியம், அப்ப கயிறு தளர்ந்தா மீன் போயிடும். அந்த கடைசி நேரத்துல ரெண்டு கயிறுக்கும் நடுவுல நாலு பேரு படுத்துக்கிட்டு லோ ஆங்கிள் எடுக்குறாங்க. ஒரு தடவ ஒரு டூர் லீடர் கை தட்டி, "அண்ணா, சூப்பர், இன்னொரு தடவ அதே மாதிரி இழுங்க"ன்னு சொன்னாரு. என் காதால கேட்டேன். மூணு மணி நேரம் இழுத்தவங்க சிரிக்கிறதா அடிக்கிறதான்னு தெரியாம நின்னாங்க.

வீச்சு வலைக்காரர நூறு ரூவா குடுத்து சூரியனுக்கு நேரா இருபது தடவ வீச சொல்றதும் அப்படித்தான். அவரு சம்மதிச்சு காசு வாங்குறாரு, அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம், நான் நடுவுல வரல. ஆனா அந்த நேரத்துல அந்த இடத்துல மீனே கிடையாதுன்னு அந்த கரைல ஒவ்வொருத்தருக்கும் தெரியும், படத்துக்கு கீழ "விடியலில் வாழ்க்கைப் போராட்டம்"னு எழுதாதீங்க, அவ்வளவுதான். கல்யாண வீட்ல நான் போஸ் குடுக்க சொல்லித்தான் எடுக்குறேன், யாரும் அத போராட்டம்னு போடுறதில்ல.

ஒரு அம்மா, பேரு வேணாம், ஊரும் வேணாம். சாயங்காலம் கடல் சுவர் மேல உக்காந்து கடல பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஒருத்தர் டெலி லென்ஸ் போட்டு தூரத்துல இருந்து எடுத்து, கருப்பு வெள்ளை ஆக்கி, "காத்திருப்பு"ன்னு தலைப்பு வச்சு போட்டுட்டாரு. நல்ல படம்தான், தொழில்காரனா சொல்றேன், நல்ல படம். அது வாட்ஸ்அப்ல சுத்தி சுத்தி அவங்க வீட்டுக்கே வந்துச்சு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல்ல கடலுக்கு போன அவங்க மகன் திரும்பல, உடம்பும் கிடைக்கல. அந்த படம் வந்ததுல இருந்து அவங்க அந்த சுவர்ல வந்து உக்கார்றது இல்ல. எடுத்தவருக்கு இது எதுவுமே தெரிஞ்சுருக்காது, கெட்ட எண்ணமும் இருந்துருக்காது. பக்கத்துல போய் "அம்மா, ஒரு படம் எடுக்கலாமா"ன்னு ஒரு வார்த்த கேட்டுருந்தா தெரிஞ்சுருக்கும்.

கல்ல கொட்டி பீச்ச கெடுத்துட்டாங்கன்னு ஒரு புலம்பல் அடிக்கடி கேக்குறேன். நீங்க சொல்றது தூண்டில் வளைவ, அதாவது அலைய தடுக்க கடலுக்குள்ள நீட்டி போட்ட கல் சுவர. ஆமா, பிரேம்ல அசிங்கமாதான் இருக்கு, நானும் போட்டோஷாப்ல அழிக்க பாத்து தோத்துருக்கேன். ஒரு எடத்துல போட்டா பக்கத்து ஊருல மண் அரிக்குதுங்குறதும் உண்மை, அது பெரிய தலைவலி. ஆனா அந்த கல்லு இல்லன்னா தென்மேற்கு பருவமழைல கடல் யாரு வீட்டு அடுப்படிக்குள்ள வரும்னு கேட்டுட்டு புலம்புங்க. கல்லு வேணும்னு ரோட்ல உக்காந்து போராடி வாங்குன ஊருங்க இது.

ட்ரோன் பத்தி ரெண்டே வரி. கிழக்க கொஞ்ச தூரத்துல கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கு. மேப்ல ட்ரோன் பறக்கக்கூடாத சிவப்பு மண்டலம் எதுன்னு பாக்காம பறக்க விட்டுட்டு போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து எனக்கு போன் பண்ணாதீங்க, எனக்கு அங்க யாரையும் தெரியாது.

டூர் அண்ணன்மாருகிட்ட தனியா ஒண்ணு கேக்கணும். நீங்க ஒரு ஆளுக்கு பல ஆயிரம் வாங்குறீங்க, வாங்குங்க, உழைப்புதான். அதுல ரூமுக்கு, வேனுக்கு, சாப்பாட்டுக்கு, ஏன், மாடலுக்கு கூட காசு போகுது. அந்தந்த ஊர்ல கடல் தெரிஞ்ச ஒருத்தர ரெண்டு மணி நேரத்துக்கு கூப்ட்டு ஒரு நாள் கூலிய குடுத்து கூட நிறுத்திக்கோங்க. வயசாகி கடலுக்கு போக முடியாம கரைல இருக்குற பெரியவங்க ஊருக்கு பத்து பேரு உண்டு. அவரு மேலன்னு சொன்னா எல்லாரும் மேல, போதும்னு சொன்னா பேக்க மூடிட வேண்டியதுதான், ஷட்டர் திறந்து இருந்தாலும் சரி. எந்த பாறை சந்துல எந்த மாசம் வெளிச்சம் விழும்னு அவருக்கு உங்க ஆப்ப விட நல்லா தெரியும், வாடை காத்து எப்ப திரும்பும், மேகம் எந்த பக்கம் கட்டும்னும் சொல்லுவாரு. நான் எடுத்ததுல உருப்படியான அஞ்சாறு படமும் அப்படி யாரோ சொல்லி போய் நின்னு எடுத்ததுதான். வழில காயப்போட்ட வலைய மிதிக்கக்கூடாது, ஏலம் நடக்கும்போது கூடைக்கு குறுக்க நிக்கக்கூடாது, வள்ளத்துல செருப்போட ஏறக்கூடாதுன்னு நான் இங்க ஒவ்வொண்ணா எழுதவும் வேண்டியதில்ல, அவரே சொல்லிடுவாரு, கொஞ்சம் சத்தமாவே சொல்லுவாரு.

கடைசியா ஒரு சொந்த விஷயம். முட்டத்துல கயிறு போட்டு இழுத்தாருன்னு சொன்னேனே, அந்த பெரியவர். அவர மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் படம் எடுத்துருக்காரு. தாடி வச்சவரு, நீல கலர் ரெயின்கோட்டு, கேரளா வண்டின்னு சொல்றாரு. ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து, வலை பொத்துறத, கைய, முகத்த எல்லாம் எடுத்துட்டு, பின்னாடி டிஸ்பிளேல காட்டிருக்காரு, இவருக்கு ரொம்ப புடிச்சுருச்சு. அனுப்புறேன் ஐயான்னு சொல்லிட்டு போயிருக்காரு. நான் கேமரா தூக்கிட்டு போறப்பெல்லாம், "லே, அந்த தாடிக்காரன் படம் அனுப்புனானா?"ன்னு கேக்குறாரு, ஏதோ நாம எல்லாரும் ஒரே ஆபீஸ்ல வேலை பாக்குற மாதிரி. நானே எடுத்து தர்றேன்னு சொல்லி பாத்தேன், "அதுல நான் நல்லா இருந்தேன்"னு சொல்லிட்டாரு. அந்த தாடிக்காரர் இத படிச்சா, இல்ல உங்களுக்கு தெரிஞ்சவரா இருந்தா, பெரியவர்கிட்ட வாட்ஸ்அப் எல்லாம் கிடையாது, ஃபைல எனக்கு அனுப்பி வைங்க, எட்டுக்கு பன்னெண்டு சைஸ்ல பிரிண்ட் போட்டு பிரேம் பண்ணி நானே கொண்டு போய் குடுத்துடுறேன். காசு வேணாம்.